சுருட்டைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

ஒரு சுருட்டு கசந்தால் உடனே "சரக்கு மட்டம்" என்று சொல்லிவிடுகிறோம். அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொன்றை வேறொருவர் நிதானமாகப் புகைக்கும்போது கொக்கோவும் வறுத்த பாதாமும் மணக்கும். இரண்டிலும் இலை ஒன்றுதான், சுற்றிய விதமும் ஒன்றுதான். மாறியது புகைத்தவரின் வேகம். சுருட்டை மதிப்பிடக் கற்பதில் பாதி வேலை இதுதான்: வாயில் வந்த சுவை இலையால் வந்ததா, சுற்றிய கையால் வந்ததா, நாம் அதை வைத்திருந்த, பற்றவைத்த, இழுத்த விதத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது. இது பிடிபடாத வரை ஒருவர் கொடுக்கும் மதிப்பெண் அவருடைய அன்றைய அவசரத்தையே காட்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தப் பிரித்தறிதலை மனதில் வைத்து எழுதப்பட்டது.

தொடங்கும் முன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும் சுருட்டு உடலுக்குக் கேடுதான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயும் தொண்டையும் தப்புவதில்லை. ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலை இருக்கிறது. ஒரு பெரிய சுருட்டில் 5 கிராமிலிருந்து 20 கிராம் வரை இருக்கலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் சுருட்டின் தீங்குகளுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. ஆகவே இது ஏற்கெனவே புகைக்கும் வயது வந்தவர்களுக்கானது. புகைக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். புகைப்பவர்களும் எண்ணிக்கையைக் குறைத்து, அரிதாக எடுக்கும் ஒன்றைக் கவனமாக அறிவதே நல்லது. குழந்தைகளும் மற்றவர்களும் இருக்கும் அறையில் இந்தப் பயிற்சி கூடவே கூடாது.

கையில் இருப்பது என்ன?

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் ஃபில்லர் எனப்படும் உள்ளிலைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் பைண்டர் என்னும் கட்டிலை. எல்லாவற்றுக்கும் மேலே நாம் தொட்டுப் பார்க்கும் ராப்பர், அதாவது மேலிலை. உயர்தரச் சுருட்டில் உள்ளிலைகள் துண்டு துண்டாக இல்லாமல் சுருட்டின் முழு நீளத்துக்கும் ஓடும். இதையே லாங் ஃபில்லர் என்கிறார்கள். சாம்பல் உதிராமல் நிற்பதற்கும், சுவை ஒரே சீராகத் தொடங்கிப் படிப்படியாக மாறுவதற்கும் இதுவே முதல் காரணம்.

உள்ளிலைகள் எல்லாம் ஒரே செடியின் ஒரே உயரத்தில் பறித்தவை அல்ல. அடிப்பகுதி இலை வொலாடோ: சுவை மெல்லியது, ஆனால் நன்றாக எரியும். நடுப்பகுதி செக்கோ: மணத்துக்காகச் சேர்ப்பது. உச்சிப்பகுதி லிஹெரோ: வெயிலை அதிகம் வாங்கி, கடைசியாகப் பறிக்கப்பட்டு, தடித்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். நிக்கோடின் அதிகம், எரிவது மெதுவாக. அதனால் சுற்றுபவர் லிஹெரோவைச் சரியாக நடுவில் வைப்பார். அது சற்றே ஓரமாக நகர்ந்தால் அந்தப் பக்கம் எரிவது பின்தங்கி, நெருப்பு வளையம் கோணிப்போகும். சுருட்டு கோணலாக எரியும்போது இந்த ஒரு விவரம் நினைவிருந்தால் பல நேரம் காரணம் புரிந்துவிடும்.

இலை விளைந்த மண்ணும் முக்கியம். கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ, நிகரகுவாவின் எஸ்தெலி, ஹலாபா பள்ளத்தாக்குகள், டொமினிகன் குடியரசில் சந்தியாகோவைச் சுற்றியுள்ள சிபாவோ, ஹோண்டுராஸின் ஹமஸ்த்ரான் ஆகியவை உள்ளிலைக்குப் பெயர் பெற்றவை. மேலிலைக்கு வேறு வரைபடம். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிறார்கள். ஈக்வடாரில் மேகமூட்டமே அந்தப் பந்தலின் வேலையைச் செய்துவிடுகிறது. மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலை தடித்தது, நீண்ட நொதிப்பைத் தாங்கும். கரிய மதூரோ மேலிலைக்கு அதைத் தேடிப் போவது அதனால்தான்.

நிறத்தைப் பார்த்து வீரியத்தைக் கணிப்பது பரவலாக இருக்கும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். மதூரோவின் கருமை நீண்ட, வெப்பம் கூடிய நொதிப்பால் வருவது. அதோடு சற்று இனிப்பும் உருண்டையான சுவையும் வருமே தவிர, நிக்கோடின் கூடுவதில்லை. வெளிர் மேலிலைக்குள் நிறைய லிஹெரோ வைத்த சுருட்டு உங்களை உட்கார வைத்துவிடும்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பருமனை ரிங் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 5 அங்குல நீளம், 50 ரிங் உள்ள ரோபஸ்டோ என்ற அளவின் விட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். 38 ரிங் லான்செரோ 15 மில்லிமீட்டர்தான். மெல்லிய சுருட்டில் உள்ளிலையோடு ஒப்பிட மேலிலையின் பங்கு அதிகம், அதனால் மேலிலையின் குணம் முன்னுக்கு நிற்கும். சீக்கிரம் சூடும் ஏறும். பயிற்சிக்கு ரோபஸ்டோவே ஏற்றது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பெரும்பாலான பிராண்டுகளிலும் கிடைக்கும், ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

ஈரப்பதம் சரியில்லாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்

நான் படிக்கும் மோசமான மதிப்பீடுகளில் பெரும்பாலானவை ஈரப்பதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. 65-லிருந்து 70 சதவீத ஈரப்பதம், 18-லிருந்து 21 டிகிரி செல்சியஸ் வெப்பம்: இந்த எல்லைக்குள் சுருட்டு சில வாரங்களாவது அமைதியாகக் கிடந்திருக்க வேண்டும். ஈரம் கூடினால் இலை உப்பி இழுப்பு அடைபடும், அடிக்கடி அணையும், புகை கனத்துப் புளிக்கும். காய்ந்துபோனால் வேகமாக எரிந்து சூடேறி, நாக்கைக் கடிக்கும். மெல்லிய மணங்கள் எல்லாம் ஏற்கெனவே பறந்திருக்கும். இந்த இரண்டு குறைகளிலும் இலைக்கும் பங்கில்லை, கைக்கும் பங்கில்லை.

ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டரை நம்பும் முன் அதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரக்குழைவாக நிற்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டுகிறது என்று அறியலாம்.

வெப்பம் 24 டிகிரியைத் தாண்டும் இடங்களில் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கும் அபாயமும் உண்டு. மேலிலையில் குண்டூசி முனை அளவு வட்டத் துளையும் கீழே தூளும் தெரிந்தால் அந்தச் சுருட்டை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

அஞ்சலில் நெடுந்தூரம் வந்த சுருட்டை வந்த அன்றே மதிப்பிடாதீர்கள். வழியில் வெப்பமும் ஈரமும் மாறி மாறி அடித்திருக்கும். இரண்டு மூன்று வாரம் ஓய்வு கொடுத்தால் ஈரம் உள்ளும் புறமும் சமமாகும்.

உட்காரும் முன்

வயிறு காலியாக இருக்கக் கூடாது. காரமோ பூண்டோ சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். உணவு முடிந்து ஒரு மணி நேரம் போனால் நல்லது. பல் துலக்கி அரை மணிக்குள் உட்கார்ந்தால் பற்பசையின் புதினாதான் மதிப்பெண் வாங்கும். வாசனைத் திரவியம், ஊதுபத்தி, சமையல் புகை எதுவும் அருகில் இல்லாத, காற்று நேராக அடிக்காத இடம் வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எரிதல் கோணலாக இருக்கிறது என்று எழுதுவது நியாயமில்லை.

குடிக்கத் தண்ணீர் மட்டும். காப்பியோடும் மதுவோடும் சுருட்டைச் சேர்த்துச் சுவைப்பது தனிக் கலை. ஆனால் அங்கே மதிப்பிடப்படுவது ஜோடி, சுருட்டு அல்ல.

முடிந்தால் பேண்டை, அதாவது பிராண்டின் பெயரோடு சுருட்டைச் சுற்றியிருக்கும் தாள் வளையத்தைக் கழற்றிவிட்டு, எது எது என்று தெரியாமல் வேறொருவர் கையால் வாங்கிச் சுவையுங்கள். 1992-இல் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ என்ற அமெரிக்க இதழின் சுவைஞர்கள் இப்படிப் பெயர் மறைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். பெயரும் விலையும் நாக்கை எவ்வளவு வளைக்கின்றன என்பது ஒரு முறை கண்மறைவாகச் சுவைத்தால்தான் புரியும். பேண்டைப் பிடித்து இழுத்தால் மேலிலை கிழியலாம். பசை இளகவில்லை என்றால் சிறிது எரிந்து சூடான பிறகு கழற்றலாம். அதுவரை ஒரு தாள் துண்டால் மூடி வையுங்கள்.

முதற்படி: பார்த்தல், தொடுதல், முகர்தல்

நல்ல வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். மேலிலையின் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராகப் படிந்திருக்கிறதா? தையல் போன்ற விளிம்பு எங்காவது தூக்கி நிற்கிறதா? நரம்புகள் மெல்லியவையா, தடித்தவையா? வாயில் வைக்கும் தலைப்பகுதியை மூடும் தொப்பி இலை ஒட்டுத் தெரியாமல் பொருந்தியிருக்கிறதா? நிறத்தில் சிறு திட்டுகள் இருந்தால் அது இலையின் இயல்பு. சுவையை அது கெடுப்பதில்லை. தடித்த நரம்பு மட்டும் எரியும்போது தீயைத் தடுத்து வைக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சு போல மேலெழுந்து வளர்ந்த வெள்ளை, பச்சை, நீலப் படலம் பூஞ்சை. அது அடிமுனைக்குள், அதாவது பற்றவைக்கும் முனைக்குள், போயிருந்தால் புகைக்கவே வேண்டாம்.

அடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அடியிலிருந்து தலை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். சற்றே அழுந்தி உடனே மீள வேண்டும். ஓரிடத்தில் மெத்தென்று குழிந்தால் அங்கே இலை குறைவு, எரியும்போது அந்த இடத்தில் சூடு எகிறும். ஓரிடத்தில் முடிச்சு போலக் கெட்டியாக இருந்தால் அங்கே இழுப்பு அடைபடும். இந்த இரண்டு இடங்களையும் இப்போதே எழுதி வையுங்கள். பிறகு அதே இடத்தில் பிரச்சினை வந்தால் காரணம் சுற்றியவர் கை என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

முகர்வதில் இரண்டு இடங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலிலையை நீளவாக்கில் மூக்கருகே நகர்த்தினால் வைக்கோல், தோல், தொழுவம், தேவதாரு போன்ற மணங்கள் வரும். அடிமுனையில் உள்ளிலையின் மணம் வரும்: பெரும்பாலும் இனிப்பு கூடியது, உலர்ந்த பழமும் கொக்கோவும் கலந்தது. மூக்கைச் சுருக்கவைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் இலையின் நொதிப்பு இன்னும் அடங்கவில்லை. பெரிய குவியல்களாக அடுக்கி நொதிக்கவைக்கும்போது இலையிலிருந்து வெளியேற வேண்டிய பொருள்தான் அம்மோனியா. அந்தச் சுருட்டை எடுத்து வைத்துச் சில மாதம் கழித்துப் பாருங்கள். இன்று போடும் மதிப்பெண் அதற்குரியது ஆகாது.

தேவதாரு மணத்தில் மட்டும் கவனம். சுருட்டுப் பெட்டியும், ஈரப்பதம் காத்துச் சுருட்டை வைக்கும் ஹியூமிடார் பேழையும் பெரும்பாலும் ஸ்பானியத் தேவதாரு எனப்படும் செட்ரெலா ஒடொராட்டா மரத்தால் செய்யப்படுபவை. தாவரவியலில் அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெட்டியின் மணம் இலையில் ஏறிவிடுவதால், புகையிலும் அதே மணம் தொடர்ந்தால் மட்டுமே அதை இலையின் கணக்கில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: வெட்டுதலும் குளிர் இழுப்பும்

தொப்பி எங்கே முடிகிறது என்று பாருங்கள். தலைக்குக் கீழே மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேயே வெட்டு விழ வேண்டும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் சுருள் அவிழ ஆரம்பிக்கும், பிறகு அது முழுக்க நம் குற்றம். இரட்டைக் கத்தி கட்டர் கூர்மையாக இருந்து ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். மெதுவாக அழுத்தினால் இலை நசுங்கும். வி வடிவ வெட்டும் பஞ்ச் துளையும் சிலருக்குப் பிடிக்கும். ஆனால் துளை சிறியதானால் புகை ஒரே புள்ளியில் குவிந்து கசப்புப் பிசினும் அங்கேயே சேரும். மதிப்பிடும்போது எல்லாச் சுருட்டுக்கும் ஒரே வகை வெட்டையே பயன்படுத்துங்கள், அதுவும் நேர்வெட்டாக இருக்கட்டும்.

இப்போது பற்றவைக்காமல் இழுத்துப் பாருங்கள். நெருப்பும் சூடும் இல்லாததால் இலையின் இயல்பான சுவை இங்கே தெளிவாக வரும். இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, உதட்டில் ஒட்டும் சுவையையும் கவனியுங்கள்: உப்பா, இனிப்பா, மிளகா? காற்று வரும் எளிமையையும் அளந்துகொள்ளுங்கள். சிறு குழலில் தண்ணீர் உறிஞ்சும்போது இருக்கும் தடையைவிடக் கொஞ்சம் கூடுதல் தடை இருந்தால் சரி. தடையே இல்லாமல் காற்று கொட்டினால் சுருட்டு சூடேறி எரியும். கன்னம் ஒடுங்க இழுக்க வேண்டியிருந்தால் இலைகளை அடுக்கிய முறையில் கோளாறு.

உள்ளிலை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு குழாயாகச் சுருட்டிச் சேர்ப்பது எந்துபாதோ முறை. வேலை அதிகம் பிடிக்கும், ஆனால் காற்று செல்ல வழி கிடைக்கும். விசிறி மடிப்பாக மடிப்பது இன்னொரு முறை. புத்தகத் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடிப்பது வேகமானது, அடைப்பும் அதில்தான் அதிகம் வரும். நல்ல இழுப்பு உள்ள சுருட்டு கையில் இருக்கும்போது அதைச் சுற்றியவரின் உழைப்புக்கு நான் மனதுக்குள் மரியாதை செய்வதுண்டு. மதிப்பெண் பட்டியலில் பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இழுப்பு கெட்டால் மற்ற எல்லாச் சுவையும் கெடும்.

மூன்றாம் படி: பற்றவைத்தல்

பியூட்டேன் லைட்டர், நீளமான மரத்தீக்குச்சி, தேவதாருச் சீவல் ஆகியவற்றில் எதுவும் சரி. பெட்ரோல் வகைத் திரவத்தில் எரியும் லைட்டரும் மெழுகுவர்த்தியும் வேண்டாம். அவற்றின் வாடை முதல் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். தீக்குச்சியாக இருந்தால் தலையிலுள்ள மருந்து எரிந்து தீரும் வரை காத்திருங்கள்.

சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, தீயின் நுனி இலையைத் தொடாத தூரத்தில் வைத்துச் சுழற்றுங்கள். அடிமுனையின் விளிம்பு முழுவதும் கருத்து ஒளிர ஆரம்பிக்கும். அதன் பிறகே வாயில் வைத்து, சுழற்றியபடி மெதுவாக இழுக்க வேண்டும். கடைசியில் அடிமுனையை மெல்ல ஊதிப் பாருங்கள்: சிவப்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்கிறதா? ஒரு பக்கம் இருண்டு கிடந்தால் அங்கே மட்டும் சற்று தீ காட்டுங்கள். டார்ச் லைட்டரை நெருக்கமாக வைத்துப் பொசுக்கினால் முதல் அங்குலம் கரியாகத்தான் சுவைக்கும். முதல் நான்கைந்து இழுப்புகளின் சுவையை எழுதுங்கள், ஆனால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பற்றவைத்த சூடு அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

நான்காம் படி: புகைத்தல்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்பது பரவலான அளவு, அதை அடிப்படையாக வையுங்கள். கை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. சுருட்டின் உடல் விரலுக்குச் சூடாகத் தெரிந்தால் வேகம் கூடிவிட்டது. இழுப்பு இரண்டு மூன்று விநாடி நீண்டு, மென்மையாக இருக்கட்டும். வேகமாக இழுத்தால் நெருப்பின் வெப்பம் ஏறி, இலையின் நுண்ணிய மணப் பொருட்கள் சிதைந்து, கசப்பும் காரமும் மட்டும் மிஞ்சும். கசக்கிறதே என்று மேலும் வேகமாக இழுப்பவர்களும் உண்டு. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: ஒரு முறை சுருட்டின் வழியாக மென்மையாக வெளியே ஊதி, தேங்கிய புகையை அகற்றி, இரண்டு நிமிடம் விட்டுவிட வேண்டும்.

புகையை நுரையீரலுக்கு இழுக்கக் கூடாது. சிகரெட்டுக்கான இலையைச் சூட்டில் உலர்த்துவதால் அதில் சர்க்கரை தங்குகிறது, புகை அமிலத்தன்மையோடு வருகிறது. சுருட்டு இலை காற்றில் உலர்ந்து நொதிப்பதால் சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துவிடும், புகை காரத்தன்மை கொள்ளும். காரத்தன்மையுள்ள புகையிலிருந்து நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். ஆகவே வாயில் வைத்து வெளியே விட்டாலும் வீரியம் ஏறும், அதுவும் தாமதமாக ஏறும். பாதிக்குப் பிறகு வியர்வை, குமட்டல், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மதிப்பீட்டை இன்னொரு நாள் முடித்துக்கொள்ளலாம்.

சுவையின் பெரும்பகுதி மூக்கில்தான் நடக்கிறது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற உமாமி மட்டுமே. கொக்கோ, தோல், தேன் என்று நாம் சொல்வதெல்லாம் மணம். அதனால் மூக்கு வழியாகப் புகை விடக் கற்றுக்கொள்வது அவசியம். முதலில் வாயிலிருக்கும் புகையில் முக்கால் பங்கை வாய் வழியாக வெளியே விடுங்கள். மீதி இருக்கும் கொஞ்சத்தை, வாயை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்காமல், மூக்கு வழியாக மெல்லத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் கண் கலங்கும், எரியும். அந்த எரிச்சல் வேறு, சுவை வேறு. ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை செய்தால் போதும். வாயில் வெறும் மரமாகத் தெரிந்தது மூக்கில் ஜாதிக்காயாகவும் வறுத்த கொட்டையாகவும் விரியும்போது, இதுவரை பாதிச் சுருட்டைத்தான் அறிந்திருந்தோம் என்று தெரியும்.

இந்த மணங்கள் கற்பனையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. காப்பியையும் கொக்கோவையும் வறுக்கும்போது உண்டாகும் பைரசீன் வகைச் சேர்மங்கள் புகையிலையிலும் உண்டாகின்றன. பச்சை இலையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் உலர்த்தலிலும் நொதிப்பிலும் உடைந்து அயோனோன், டமாஸ்கெனோன் போன்ற பொருட்களைத் தருகின்றன. மலர், தேன், பழ மணங்களுக்குப் பின்னால் இருப்பவை இவை. சுருட்டில் யாரும் தேன் சேர்க்கவில்லை, ஆனால் தேனை நினைவூட்டும் பொருள் அங்கே இருக்கிறது.

மணத்துக்குப் பெயர் வைக்கும்போது பெரிய குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். மண்ணா, மரமா, மசாலாவா, வறுவலா, இனிப்பா, புல்லா? மசாலா என்று பட்டால் அடுத்த கேள்வி: கருமிளகா, வெண்மிளகா, இலவங்கமா? வறுவல் என்றால் காப்பியா, கருகிய ரொட்டியா, கொட்டையா? உங்கள் நினைவில் இல்லாத ஒன்றின் பெயரை மற்றவர் குறிப்பிலிருந்து கடன் வாங்காதீர்கள். மழை விழுந்த மண் என்று உங்களுக்குப் பட்டால் அப்படியே எழுதுங்கள். பத்து மணங்களை அடுக்கும் குறிப்பைவிட, உறுதியாகத் தெரிந்த மூன்றைச் சொல்லும் குறிப்பை நான் நம்புவேன்.

மூன்று சொற்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். வீரியம் என்பது நிக்கோடின் உடலில் காட்டும் வேலை. கனம் என்பது புகை வாயில் நிரம்பி நிற்கும் தன்மை: நீர்த்ததா, பாலாடை போலத் தடித்ததா என்பது. சுவைச்செறிவு என்பது மணங்கள் எவ்வளவு உரக்க ஒலிக்கின்றன என்பது. கனமும் சுவைச்செறிவும் மிகுந்து, வீரியம் மிதமாக இருக்கும் சுருட்டுகள் உண்டு. இவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் ஒதுக்குங்கள்.

சுருட்டை மூன்று பகுதியாகப் பிரித்துக் கவனிப்பது பழைய முறை, இன்றும் பயனுள்ளது. முதல் மூன்றில் ஒரு பங்கில் மேலிலையின் குணமும் மிளகும் துள்ளி நிற்கும். நடுப்பகுதியில் உள்ளிலைகள் ஒன்றோடொன்று இணங்கி, கலவை செய்தவர் என்ன நினைத்தார் என்பது வெளிப்படும். ஒரு சுருட்டின் உண்மையான தரம் தெரிவது இங்கே என்பது என் கருத்து. கடைசிப் பகுதியில் அதுவரை வந்த புகையின் ஈரமும் பிசினும் சேர்ந்து சூடும் கூடுவதால் எந்தச் சுருட்டும் சற்றுக் கடினமாகும். நல்ல சுருட்டு அங்கும் இனிப்பை முழுவதுமாக இழப்பதில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இழுப்பதை நிறுத்தி, தண்ணீர் குடித்து, பின்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, அது இதமானதா வறண்டதா என்று பாருங்கள்.

குறை யாருடையது?

எரியும் வளையம் கொஞ்சம் வளைந்து போவது இயல்பு. பல நேரம் தானே சரியாகும். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பி இரண்டு இழுப்பு பொறுங்கள். சரியாகவில்லை என்றால் பின்தங்கிய பக்கத்துக்குத் தீ காட்டிச் சமன் செய்யுங்கள். அதோடு நின்றுவிட்டால் குற்றம் பற்றவைத்ததில் அல்லது காற்றில். திருத்தத் திருத்த அதே பக்கம் மீண்டும் ஓடினால் உள்ளே இலை அடுக்கு சரியில்லை, சுற்றியவர் கணக்கில் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். உள்ளே எரிந்து குழிந்து, மேலிலை எரியாமல் நிற்பது பெரும்பாலும் ஈரமான மேலிலையால் அல்லது நாம் வெகுநேரம் இழுக்காமல் விட்டதால்.

சாம்பலை அடிக்கடி தட்டாதீர்கள். அது நெருப்பை மூடி, புகையைக் குளிர்ச்சியாக வைக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் போல வளர்ந்ததும் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்தால் தானே விழும். விழுந்தபின் நெருப்புமுனை மழுங்கிய கூம்பாக இருந்தால் மெதுவாக எரியும் லிஹெரோ நடுவில் சரியாக இருக்கிறது. சாம்பலின் நிறம் மண்ணிலுள்ள தாதுக்களைப் பொறுத்தது. மெக்னீசியம் மிகுந்தால் வெண்மை கூடும். வெள்ளைச் சாம்பலுக்குத் தனி மதிப்பெண் கொடுக்கத் தேவையில்லை. அடுக்கடுக்காக உறுதியாக நிற்கும் சாம்பலுக்குக் கொடுக்கலாம், அது முழுநீள இலைக்கும் நல்ல கட்டுக்கும் சாட்சி.

அணைந்துவிட்டால் சாம்பலை உதிர்த்து, ஒரு முறை வெளியே ஊதி, உடனே பற்றவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பற்றவைத்த சுருட்டை மதிப்பிட முடியாது.

ஐந்தாம் படி: எழுதுதலும் மதிப்பெண்ணும்

புகைத்து முடித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால் கடைசிப் பகுதியே முழுச் சுருட்டாகிவிடும். புகைக்கும்போதே, பகுதி பகுதியாக எழுதுங்கள். தலைப்பில் நாள், அளவு, எவ்வளவு காலம் எந்த ஈரப்பதத்தில் இருந்தது, எந்த வெட்டு, எவ்வளவு நேரம் எரிந்தது ஆகியவை வேண்டும்.

நான் பயன்படுத்துவது 100 புள்ளிக் கணக்கு. தோற்றத்துக்கும் கட்டுக்கும் 15, இழுப்புக்கும் எரிதலுக்கும் 25, சுவைக்கும் மணத்துக்கும் 35, இணக்கத்துக்கும் பின்சுவைக்கும் 25. இணக்கம் என்பதை விளக்க வேண்டும்: மிளகு, இனிப்பு, கசப்பு, வீரியம் ஆகியவற்றில் ஒன்று மற்றதை மிதித்துவிடாமல் இருப்பது. மிதமான சுருட்டுக்கு வீரியம் குறைவு என்று புள்ளி குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது என்னவாக இருக்க விரும்பியதோ அதை எவ்வளவு நன்றாகச் செய்தது என்றே கேட்க வேண்டும். பிடித்ததா இல்லையா என்பதைப் புள்ளிக்கு வெளியே ஒரு வரியாக எழுதுங்கள். மண்சுவை எனக்கு அவ்வளவாக ஒத்துவராது. ஆனால் மண்சுவையை அழகாகக் காட்டும் சுருட்டுக்கு 90-க்கு மேல் கொடுக்க அது தடையில்லை.

ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் இலை, கை, நான் என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். 'நான்' என்று குறித்தவற்றுக்குப் புள்ளி கழிக்கக் கூடாது. அவை பாதிக்கு மேல் இருந்தால் அந்தத் தாளை மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையால் சுற்றும் பொருளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஆகவே ஒரே பெட்டியிலிருந்து மூன்றையாவது, வெவ்வேறு வாரங்களில், பழைய குறிப்பைப் பார்க்காமல் சுவைத்த பின்னரே இறுதி எண்ணைப் போடுங்கள். மூன்றிலும் திரும்ப வரும் சுவை இலையினுடையது. ஒன்றில் மட்டும் வந்த அடைப்பு அந்தக் கையினுடையது. மூன்றிலும் இழுப்பு அடைத்தால் அது தொழிற்சாலையின் பழக்கம் அல்லது உங்கள் ஹியூமிடாரின் ஈரம். எது என்று அறிய, நான்காவது சுருட்டை 65 சதவீதத்துக்கு இறக்கி, ஒரு மாதம் வைத்து, மீண்டும் குளிர் இழுப்பிலிருந்து தொடங்குங்கள்.